முன்மொழிபவரைத் தேடி மாமல்லபுரம் வழியாகச் செங்கல்பட்டுக்கு

இந்தப் பக்கத்தில் இதுவரை நான் எழுதியவை எல்லாம் பஸ் பயணங்கள். வேலை இல்லாத நாளில் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்து எழுதுவேன். யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு அது பிடிக்கும். இந்த முறை போனது ஊர் பார்க்க இல்லை. என் சித்தி மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர் தேர்தலில் நிற்கிறார். அவருடைய வேட்புமனுவைக் கடைசி நாளான வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணிக்குள் செங்கல்பட்டில் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த தேர்தல் வரை காத்திருக்க வேண்டும். துணைக்கு நான் போனேன். இதே வேலையாகக் கிளம்புகிறவர்களுக்கு உதவும் என்று நேரம், தூரம், செலவு எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

முதலில் காரணம். எங்கள் ஊர் அணுபுரத்துக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. நடுவில் ஒரு சிறுபாலம். மூன்று வருடத்துக்கு முந்தைய மழையில் அது உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கு நின்ற மினி பஸ் இன்னும் ஊருக்குள் வரவில்லை. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பெண்பிள்ளைகள் எட்டுப் பேரில் மூன்று பேர் அந்த வருடமே நின்றுவிட்டோம். நான் பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றேன். இப்போது சிறுசேரியில் ஒரு கம்பெனி கேண்டீனில் தட்டு கழுவும் பகுதியில் வேலை செய்கிறேன்.

சித்தியின் பெயர் எஸ்தர். அணுபுரம் குடியிருப்பில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். அந்தப் பாலத்துக்காக அவர் ஏறாத ஆபீஸ் இல்லை. ஊராட்சியில் கேட்டால் ஒன்றியத்தைக் கேள் என்றார்கள். ஒன்றியத்தில் கேட்டால் அது மாவட்ட ஊராட்சியில் முடிவாக வேண்டிய ரோடு என்றார்கள். "அப்போ நான் மாவட்டத்துக்கே போறேன்" என்று சித்தி சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் வார்டு இந்த முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது என்று தெரிந்ததும் சித்தி மட்டும்தான் சிரித்தார்.

தெரியாதவர்களுக்காக: மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு நாம் நேராக வாக்களிக்கிறோம். ஜெயித்த உறுப்பினர்கள் கூடித் தங்களில் ஒருவரை மாவட்டத் தலைவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு வார்டில் பல ஊர்கள் வரும். அதனால் பெரும்பாலும் கட்சிக்காரர்கள்தான் நிற்பார்கள். சித்தி சுயேச்சை.

வெள்ளிக்கிழமை காலை 6.10-க்குக் கிளம்பினோம். தெருமுனையில் தேவகி அக்கா நின்றுகொண்டிருந்தார். சித்தியோடு அணுபுரத்தில் வேலை செய்பவர். சித்திக்காக வாக்குக் கேட்க இருபது பெண்களைச் சேர்த்து வைத்திருப்பவரும் அவர்தான். கையில் அன்றைய தினசரிக் காலண்டர் தாள். காலையிலேயே கிழித்துவிட்டார்.

"எஸ்தரு, நீ கர்த்தர கும்புடு, யாரு வேணான்னா? ஆனா பத்தரைலருந்து பன்னெண்டு வரைக்கும் ராவு காலம். அதுல மட்டும் பேப்பர குடுத்துடாத. பன்னெண்டேகாலுக்கு மேல நல்ல நேரம். நாங்க இருவது பேரு ஒனக்காக வூடு வூடா ஏறப் போறோம். எங்களுக்காக இத்த செய்யி."

"சரிக்கா, பன்னெண்டேகாலு" என்று சொல்லி அந்தத் தாளை வாங்கிச் சித்தி ஃபைலுக்குள் வைத்தார்.

மெயின் ரோட்டுக்கு நடந்தே போக வேண்டும். அரை மணி நேரம் ஆனது. நாங்கள் நேராகச் செங்கல்பட்டுக்குப் போயிருந்தால் திருக்கழுக்குன்றம் வழியாக ஒரே பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போயிருக்கலாம். ஆனால் முதலில் மாமல்லபுரம் போக வேண்டியிருந்தது. வேட்புமனுவில் வேட்பாளர் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. அதே வார்டைச் சேர்ந்த வாக்காளர் ஒருவர், இவரை நான் முன்மொழிகிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் தெரு சூசை மாமா அதற்கு ஒப்புக்கொண்டிருந்தார். மாமல்லபுரத்தில் ஒரு விடுதியில் காவலாளி. காலை எட்டு மணிக்குப் பூஞ்சேரி சந்திப்பில் எங்களோடு சேர்ந்துகொண்டு செங்கல்பட்டு வருவதாகப் பேச்சு. படிவத்தில் அவர் பெயரைச் சித்தி முந்தின நாளே பேனாவால் எழுதி வைத்துவிட்டார்.

6.55-க்குப் பஸ் வந்தது. பிங்க் நிற பஸ், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 7.15-க்குப் புதுப்பட்டினம். அங்கே இறங்கி ஈ.சி.ஆரில் சென்னை பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினோம். ஆளுக்கு 20 ரூபாய், பதினான்கு கிலோமீட்டர். வலது பக்க ஜன்னலைப் பிடித்தால் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவில் கடல் அங்கங்கே தெரியும். இந்தப் பஸ்கள் பெரும்பாலும் ஊருக்குள் போகாமல் பூஞ்சேரியில் இறக்கிவிடும். ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்டு மணிக்குப் பூஞ்சேரியில் இறங்கினோம். சூசை மாமா இல்லை. சித்தி போன் செய்தார். போகவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை செய்தார். 8.20 ஆனதும் ஓர் ஆட்டோவை நிறுத்தினார்.

"பீச் ரோடு கெஸ்ட் அவுஸா? நூறு ரூபா" என்றார் ஆட்டோக்காரர்.

"அண்ணாத்த, நாங்க சாமி செல வாங்க வந்த டூரிஸ்ட்டா? ரெண்டு கிலோமீட்ரு."

"டூரிஸ்ட்டுன்னா முன்னூறு சொல்லியிருப்பேன்மா. ஒக்காரு, அறுவது குடு."

சிற்பக் கடைகளில் அந்த நேரத்துக்கே கல் அறுக்கும் மிஷின் சத்தம் ஆரம்பித்துவிட்டது. விடுதி வாசலில் சூசை மாமா நீல யூனிபார்மில் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் குழாயைக் கீழே போட்டார். தண்ணீர் எங்கள் காலுக்கு ஓடி வந்தது.

"இன்னா அண்ணாத்த, போன ஆஃப் பண்ணிகினு கீற?"

"சார்ஜ் இல்ல எஸ்தரு."

சொல்லி வாய் மூடவில்லை, சட்டைப் பையில் அவர் போன் அடித்தது. ஒரு நல்ல குத்துப்பாட்டு. அது முடியும்வரை மூன்று பேரும் கேட்டுக்கொண்டு நின்றோம். சித்தியின் எண்ணை மட்டும் அவர் தடுத்து வைத்திருக்கிறார் என்று புரிந்தது.

"மொதலாளியோட மச்சான் சம்சாரமும் அதே வார்டுல நிக்குது" என்றார் மாமா. "நான் ஒனக்குக் கையெழுத்து போட்டா சாயங்காலமே இந்த யூனிபார்ம கழட்டிக் குடுன்னுவாங்க. பொண்ண வேற காலேஜுல சேத்துகிறேன். இன்னா செய்ய சொல்ற?"

"இத்த நேத்தே சொல்லியிருந்தா நான் வேற ஆளப் பாத்திருப்பேனே!"

"சொல்லத்தான் நெனச்சேன். வாய் வரல."

சித்திக்குக் கோபம். எனக்கு வரவில்லை. வாய் வராமல் போவது எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். மாமா உள்ளே போய் இரண்டு தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அவரால் முடிந்தது அது.

விடுதியைத் தாண்டிப் பத்தடி நடந்தால் கடற்கரை. சித்தி மணலில் போய் நின்றார். நானும் நின்றேன். கட்டுமரம் ஒன்று கரையேறிக்கொண்டிருந்தது. மாமல்லபுரம் வந்தவர்கள் பார்க்கும் கோயில், ரதம் எதையும் அன்று நாங்கள் பார்க்கவில்லை. கடலை மட்டும் ஐந்து நிமிடம் பார்த்தோம், அதுவும் சித்தி போனைக் காதில் வைத்தபடி. தேவகி அக்கா எடுக்கவில்லை. அடுத்துக் கூப்பிட்ட அக்கா வேலை செய்யும் வீட்டில் விருந்து, விடமாட்டார்கள். இன்னொருவர் மதுராந்தகத்தில் சொந்தக்காரர் கல்யாணத்தில் இருந்தார். "யார்னா ஒருத்தர் வந்துதான் ஆகணும். வா, செங்கல்பட்டு போய்கினே கேப்போம்" என்றார் சித்தி. திரும்பிப் போகலாம் என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

மாமல்லபுரம் பஸ் நிலையத்தில் 9.05-க்கு நாஸ்தா: இரண்டு இட்லி, ஒரு வடை, ஆளுக்கு 40 ரூபாய். 9.25-க்குச் செங்கல்பட்டு பஸ். திருக்கழுக்குன்றம் வழி, 29 கிலோமீட்டர், ஆளுக்கு 25 ரூபாய். நல்ல கூட்டம். கடைசிக்கு முந்தைய வரிசையில் இடம் கிடைத்தது.

சித்தி போனில் பேசிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு பேச்சும் "பரவால்ல, வுடு" என்று முடிந்தது. நான் போனில் எங்கள் வார்டு வாக்காளர் பட்டியலைத் திறந்து வைத்திருந்தேன். பதினெட்டு முடிந்ததும் பெயர் சேர்க்கக் கொடுத்திருந்தேன். இந்தப் பட்டியலில் முதல்முறையாக என் பெயர் வந்திருந்தது. முன்மொழிபவர் பெரிய ஆளாக இருக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. ஆம்பளையாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. நாங்கள்தான் முதலில் அப்படி நினைத்துக்கொண்டோம். ஊரில் எந்த மனுவுக்கும் முதல் கையெழுத்து மீசை வைத்த ஒருவர்தான் போடுவார்.

"சித்தி, எம் பேரும் லிஸ்ட்ல கீது" என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. டிரைவர் பாட்டு வைத்திருந்தார். மறுபடியும் சொன்னேன். "இன்னாடி?" என்றார். மூன்றாவது முறை கத்தினேன்.

"நான் கையெழுத்து போடுறேன்! எனக்குப் பதினெட்டு ஆயிடுச்சி!"

சரியாக அந்த நேரத்தில் பாட்டு முடிந்திருந்தது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. முன் சீட்டில் மீன் கூடையோடு இருந்த அம்மா, "எந்த ரிஜிஸ்டர் ஆபீஸுமா? பையன் எங்க?" என்று கேட்டார். எனக்கு அப்படியே சீட்டுக்கு அடியில் போய்விடலாம் போல் இருந்தது.

"கல்யாணம் இல்லக்கா, எலெக்சன்" என்றார் சித்தி.

"யாரு நிக்கிறது?" என்று நடத்துநர் வந்துவிட்டார்.

"நான்தான்."

"எந்தக் கட்சி?"

"எங்க ஊரு பாலம் கட்சி."

நடத்துநர் சிரித்தார். மீன்கார அம்மா சிரிக்கவில்லை. எந்த ஊர், எந்தப் பாலம் என்று விவரமாகக் கேட்டார். சித்தி சூசை மாமா கதையையும் சேர்த்துச் சொன்னார். அவர் ஊரும் எங்கள் வார்டில்தான் வருகிறது. "கைல புடிச்ச ஆளு ஓடிப்போனா இன்னா? ஒன் வூட்டு பொண்ணு போடட்டும். போடுமா நீ" என்றார் என்னைப் பார்த்து. சித்தி என் போனை வாங்கிப் பெயர், பாகம் எண், வரிசை எண் மூன்றையும் இரண்டு முறை படித்தார். பிறகு என் தோளை ஒரு முறை இடித்தார். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது மணி 9.55.

10.35-க்குச் செங்கல்பட்டு. பஸ் நிலையத்துக்கு வெளியே நகல் கடையில் வாக்காளர் பட்டியலின் என் பக்கத்தை அச்செடுத்தோம், 10 ரூபாய். அங்கிருந்து ஆட்சியர் அலுவலக வளாகத்துக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு 20 ரூபாய், சுமார் மூன்று கிலோமீட்டர். 11.15-க்கு வாசலில் இருந்தோம்.

அங்கே பார்த்ததை எதிர்பார்க்கவில்லை. ரோட்டோரம் முழுக்கக் கார். மாலை போட்ட ஆட்கள், கரை வேட்டிகள், மேளக்காரர்கள்கூட. எல்லோரும் மரத்தடியில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போலீஸ் கோடு போட்டிருந்த இடத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் இல்லை. மனு வாங்கும் அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே அலுவலர்கள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். கட்சி, ஜாதி, மதம் எதுவும் பார்க்காமல் அத்தனை பேரும் பன்னிரண்டு மணிக்காகக் காத்திருந்தார்கள்.

சித்தியும் போய் மரத்தடியில் நின்றார்.

எனக்கு மனசுக்குள் கணக்கு ஓடியது. காத்திருந்தவர்கள் ஒன்பது கூட்டம். ஒரு மனுவுக்கு அரை மணி என்றாலும் எங்கள் முறை வர நாலரை ஆகும். எங்கள் படிவத்தில் சூசை மாமா பெயர் இருக்கிறது. அதை அடித்துத் திருத்தினால் செல்லுமா என்றுகூடத் தெரியாது. புதிதாக எழுத வேண்டுமென்றால் நேரம் வேண்டும். ஐந்து மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள்.

"சித்தி, இப்பவே போலாம்."

"தேவகிகிட்ட வாக்கு குடுத்துகிறேன்டி."

"தேவகிக்காவுக்கு நான் சொல்லிக்கிறேன். அஞ்சு மணி ஆயிட்டா யாருக்கும் எதுவும் சொல்ல முடியாது."

சித்தி ஃபைலைத் திறந்து காலண்டர் தாளைப் பார்த்தார். அவருக்கு இராகு காலத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த இருபது பெண்கள் மேல் நம்பிக்கை உண்டு. அவர்கள் மனம் கோணினால் வாக்குக் கேட்க ஆள் இல்லை. தாளை மடித்து ஃபைலுக்குள் வைத்தார். "வா" என்று சொல்லிக் கோட்டைத் தாண்டி நடந்தார். மரத்தடியிலிருந்து ஒருவர், "யம்மா, ராவு காலம்! தெரிஞ்சுதான் போறியா?" என்று கத்தினார். "தெரிஞ்சுதாண்ணா" என்றார் சித்தி, திரும்பாமலே. மணி 11.25.

உள்ளே இருந்த பெண் அலுவலர் எங்களைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். "வாங்கம்மா, காலைலேருந்து ரெண்டே பேர்தான் வந்தாங்க" என்றார். படிவத்தைப் பார்த்தார். முன்மொழிபவர் இடத்தில் பெயரை அடித்து எழுதினால் நாளை பரிசீலனையில் பிரச்சினை வரலாம், புதுப் படிவம் தருகிறேன், இலவசம்தான், நிதானமாக எழுதுங்கள் என்றார். சித்திக்குக் கையெழுத்து நடுங்கும். நான்தான் எழுதினேன். முதல் படிவத்தில் பாகம் எண் வர வேண்டிய கட்டத்தில் வரிசை எண்ணை எழுதிவிட்டேன். இன்னொரு படிவம் கேட்க வாய் வரவில்லை; அவரே பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். இரண்டாவதில் சித்தியின் வயதைத் தப்பாக எழுதினேன். மூன்றாவது சரியாக வந்தது. கடைசியில் முன்மொழிபவர் கையெழுத்து என்ற இடத்தில் ஜெனிஃபர் என்று என் பெயரை எழுதினேன்.

"சுயமா சம்மதிச்சுத்தானே போடுறீங்க?" என்று அவர் கேட்டார்.

தலையாட்டினேன்.

வைப்புத்தொகை ஆயிரம் ரூபாய் கட்டி ரசீது வாங்கினோம். சித்தி நின்றுகொண்டு உறுதிமொழியை ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. வெளியே வந்தபோது மணி 12.20. மாலை போட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கோட்டைத் தாண்ட, போலீஸ்காரர் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

தேவகி அக்காவுக்கு நான்தான் போன் செய்தேன். இரண்டு ரிங்கிலேயே எடுத்தார். நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

"எத்தினி மணிக்குக் குடுத்தீங்க?"

"பதினொன்னு இருவத்தஞ்சுக்கு உள்ள போனோம்கா. பன்னெண்டுக்குள்ள கையெழுத்து ஆயிடுச்சி."

"அடிப்பாவி. பதினொன்னரைக்கு நான் துர்க்கைக்கு எலுமிச்சம்பழ வெளக்கு போட்டுகினு இருந்தேன், ஒங்க சித்திக்காக. காலைல வேலைல இருந்ததால போன எடுக்க முடியல. வெள்ளிக்கெழம ராவு காலத்துலதான்டி அந்த வெளக்கே போடணும்." பிறகு அவரே ஒரு கணக்குப் போட்டார். "சரி, அப்போ அம்மன் வாசல்ல நான் நின்ன நேரத்துல நீங்களும் குடுத்துட்டீங்க. நல்லதுதான். மத்தவங்களாண்ட நான் பேசிக்கிறேன். நீ எதுனா துன்னியா?"

திரும்பும்போது பஸ் நிலையம் வரை நடந்தே வந்தோம், பிறகு திருக்கழுக்குன்றம் வழியாக நேர் பஸ். ஆளுக்கு 22 ரூபாய். 2.40-க்கு வீடு.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். சனிக்கிழமை காலை 11 மணிக்கு மனுப் பரிசீலனை. முன்மொழிபவர் வர வேண்டிய கட்டாயம் இல்லை. எனக்கு அன்று வேலை நாள். ஆனாலும் விடுப்புப் போட்டுவிட்டுச் சித்தியோடு போனேன். வீட்டில் காகிதம் வைக்கும் டப்பாவில் இருந்த என்னுடைய எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு மனுவாகப் படித்தார்கள். சித்தியின் பெயர் வந்ததும் எதிர் வரிசையில் ஒருவர் எழுந்தார். சூசை மாமா சொன்ன அந்த வேட்பாளரின் ஆள்.

"ஆட்சேபணை சார். முன்மொழிஞ்சது சின்னப் பொண்ணு. மைனரு. பாத்தாலே தெரியுது, ஸ்கூல் பொண்ணு மாரி கீது."

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குள்ளம். இரட்டைப் பின்னல் வேறு.

தேர்தல் அலுவலர் நிமிர்ந்தார். "முன்மொழிஞ்சவங்க வந்திருக்காங்களா?"

சித்தி எழப் போனார். அலுவலர் கையால் உட்காரச் சொன்னார். "அவங்களே சொல்லட்டும்."

எழுந்து நின்றேன். வாய் வரவில்லை. வகுப்பில் பாடம் வாசிக்கச் சொன்னால் இப்படித்தான் ஆகும். ஆனால் அங்கே நான் வாசிக்காவிட்டால் அடுத்த பிள்ளை வாசிக்கும். இங்கே அடுத்து யாரும் இல்லை. நான் பேசாவிட்டால் சித்தியின் மனு போய்விடும்.

"பேரு ஜெனிஃபர் சார். வயசு பதினெட்டு." பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் பார்க்காமலே சொன்னேன். அலுவலர் பட்டியலில் விரல் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார்.

"பட்டியல்ல ஏத்தும்போது தப்பா ஏத்தியிருப்பாங்க சார். வயசுக்கு ஆதாரம் கேளுங்க" என்றார் எதிர் ஆள்.

வாக்காளர் அட்டை இன்னும் என் கைக்கு வரவில்லை. உறையைத் திறந்து பள்ளிக்கூடத்தில் கொடுத்த மாற்றுச் சான்றிதழை எடுத்தேன். படிப்பை நிறுத்தியபோது கொடுத்தது. அன்றிலிருந்து அதை ஒருமுறைகூட எடுத்துப் பார்க்க எனக்குப் பிடித்ததில்லை. பிறந்த தேதி எண்ணிலும் எழுத்திலும் அதில் இருக்கிறது.

அலுவலர் படித்தார். எதிர் ஆள் எட்டிப் பார்த்தார். "பதினொன்னாவது பாதில நின்னுகீது! படிப்ப வுட்ட பொண்ணு முன்மொழியுதாம்" என்று சத்தமாகச் சிரித்தார்.

"ஆமா சார்" என்றேன். "எங்க ஊரு பாலம் ஒடஞ்சதால வுட்டேன். அதுக்குத்தான் சித்தி நிக்கிறாங்க."

யாரும் சிரிக்கவில்லை. அலுவலர் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தார். "சட்டத்துல படிப்பு கேக்கல. வயசும் பட்டியல்ல பேரும்தான். ரெண்டும் சரியா இருக்கு. மனு ஏற்கப்பட்டது. அடுத்து."

சான்றிதழை உறையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு கடைசி மனு படித்து முடியும்வரை விடவில்லை.

இனி இதே காரியமாகப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். நாங்கள் காத்திருந்தது தப்பு. முன்மொழிபவர் பெயரை ஆள் நேரில் வந்து நிற்கும்வரை படிவத்தில் எழுதாதீர்கள், வெற்றுப் படிவம் இரண்டு மூன்று கூடுதலாக வாங்கி வையுங்கள். வாக்காளர் பட்டியலில் உங்கள் பக்கத்தையும் முன்மொழிபவர் பக்கத்தையும் அச்செடுத்துக்கொள்ளுங்கள்; பாகம் எண் வேறு, வரிசை எண் வேறு. வயதுச் சான்று ஏதாவது ஒன்று கையில் இருக்கட்டும், கேட்கமாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். நல்ல நேரம் பார்ப்பது உங்கள் விருப்பம். ஆனால் எல்லோரும் ஒதுக்கும் நேரத்தில் போனால் அலுவலர்கள் தப்பைத் திருத்திக் கொடுக்கும் அளவுக்கு நிதானமாக இருப்பார்கள், இதை நானே பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் முதல் நாள் வழிச்செலவு, சாப்பாடு, நகல் எல்லாம் சேர்த்து 324 ரூபாய். மாமல்லபுரம் சுற்றாமல் போனால் நூற்றுச் சொச்சத்தில் முடியும்.

பெரிய ஆள் கிடைக்கவில்லை என்று யாரும் வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். உங்கள் வீட்டிலேயே பதினெட்டு முடிந்த ஒருத்தி ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பாள். பட்டியலில் அவள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

சித்தி ஜெயிப்பாரா என்று தெரியாது. எதிரில் நிற்பவர்களுக்கு வண்டி, கொடி, ஆள் எல்லாம் இருக்கிறது. எங்களுக்குத் தேவகி அக்காவும் இருபது பெண்களும் இருக்கிறார்கள். ஆனால் மாவட்ட வார்டுக்கான மஞ்சள் வாக்குச்சீட்டில் எஸ்தர் என்று அச்சாகப் போகிறது. அதை இனி யாரும் அடிக்க முடியாது. வார்டில் இருக்கும் ஒவ்வொரு ஊருக்கும் எந்தப் பஸ், எத்தனை மணிக்கு, எங்கே இறங்க வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதி முடித்துவிட்டேன். நாளை முதல் பஸ்ஸில் கிளம்புகிறோம். பேசப்போவது சித்தி. துண்டறிக்கை கொடுக்கப்போவது நான். வாங்குகிறவர்கள் யாராவது நின்று, எந்தப் பாலம் என்று கேட்டால், நானே சொல்வேன்.